நின்றுபோன வன்தட்டுகளும் தோட்டத்து ஆவணங்களும்

வாசகியின் கேள்வி: இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். ஆறு ஆண்டுகளாக நானும் சில நண்பர்களும் அயல் தோட்டக் குடும்பங்களின் பழைய பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரங்கள், தொழிலாளரின் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் பக்கங்கள், இந்தியாவுக்குப் போன உறவினர் எழுதிய கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறோம். மொத்தம் ஏறத்தாழ 3 டெராபைட். வாசிகசாலையில் உள்ள லினக்ஸ் கணினியொன்றில் 2 டெராபைட் வன்தட்டுகள் நான்கை, ஒன்று பழுதானாலும் தரவு போகாத ரெய்டு 5 முறையில் ஒரே தொகுதியாக இணைத்து, அதையே சேவையகமாக வைத்திருந்தோம். சித்திரை மாத இடிமழையில் ரவுட்டர் எரிந்தது. அன்றே ஒரு தட்டு தொகுதியிலிருந்து விலகியது. புதியது வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கையில் ஐந்தாம் நாள் இன்னொன்றும் விலகிவிட்டது. இப்போது எதுவும் திறக்கவில்லை. தொகுதியைப் புதிதாக உருவாக்கினால் பழைய தரவு வந்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா? மூலப் பத்திரங்களை அந்தந்த வீடுகளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவற்றில் சில இப்போது அங்கும் இல்லை. இனிமேல் பெரிய சேவையகம் வாங்குவதா, மேகச் சேமிப்புக்குப் போவதா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகுதியைப் புதிதாக உருவாக்க வேண்டாம். கணினியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றி, நான்கு தட்டுகளிலும் அவை செருகப்பட்டிருந்த வரிசைப்படி இலக்கமிட்டுத் தாள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அச்சிடப்பட்டுள்ள தொடரெண்ணையும், அது எந்த நாளில் விலகியது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் உங்கள் ஆவணங்கள் பெரும்பாலும் அந்தத் தட்டுகளில் அப்படியே இருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். அவற்றை இழப்பதற்குரிய வழி, இப்போது அவசரப்பட்டு அவற்றின் மேல் எதையாவது எழுதுவதுதான்.

உங்களுக்கு அந்த ஆலோசனையைச் சொன்னவர் நல்லெண்ணத்துடன்தான் சொல்லியிருப்பார். அவ்வழியில் தரவு மீண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் தட்டுகளின் வரிசை, தரவைத் தட்டுகளுக்கிடையே பிரித்து எழுதும் துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் ஆகிய மூன்றும் இம்மியும் பிசகாமல் பழையபடி அமைந்தால் மட்டுமே அது கைகூடும். லினக்ஸில் ரெய்டு தொகுதிகளை அமைக்கும் எம்டிஏடிஎம் கருவி முன்னர் 64 கிலோபைட்டை இயல்பான துண்டளவாகக் கொண்டிருந்தது. பின்வந்த பதிப்புகள் 512 கிலோபைட்டைக் கொள்கின்றன. தரவு தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பதிப்பில் தொகுதியை அமைத்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. தட்டுகளின் தலைப்புக் குறிப்புகளில் அது பதிவாகியிருக்கிறது. உருவாக்கும் கட்டளையோ அந்தக் குறிப்புகளைத்தான் முதலில் அழிக்கும். அதோடு நில்லாமல், ஒரு தட்டு போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் சமநிலைத் தரவைக் கணக்கிட்டு ஒரு தட்டின் மேல் உடனேயே எழுதவும் தொடங்கிவிடும். கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் கட்டளைகளையும் இதே காரணத்துக்காக இப்போது தொட வேண்டாம்.

ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு தட்டுகள் விலகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். விலகிய தட்டு எல்லாம் செத்த தட்டு அன்று. மேசைக் கணினிக்கென விற்கப்படும் தட்டு, வாசிக்க முடியாத ஓரிடத்தைச் சந்தித்தால் விடாமல் மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். சில வேளை அம்முயற்சி ஒரு நிமிடத்தையும் தாண்டும். லினக்ஸின் மைய நிரலாகிய கருவகமோ பொதுவாக 30 விநாடிகள்தான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மீளத் தொடக்க முயலும். அதுவும் பலிக்காதபோது தொகுதி அந்தத் தட்டைக் கைவிட்டுவிடும். ஓரிரு பழுதான இடங்களைத் தவிர முழுவதும் நன்றாக இருக்கும் தட்டு இப்படித்தான் பல தடவை வெளியே தள்ளப்படுகிறது. முதலாவது தட்டு இடியிலேயே அடிபட்டிருக்கலாம். இரண்டாவது, எஞ்சியிருந்த மூன்றும் முழுச் சுமையையும் ஏற்க நேர்ந்தபோது, நெடுநாளாக யாரும் வாசிக்காத ஏதோ ஓரிடத்தில் தடுக்கி விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்த ஊகத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே ஸ்மார்ட் என்ற அறிக்கையில் பதிந்துவைக்கிறது. அதில் பல வரிகள் இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு: 5, 197, 198, 199 என்ற இலக்கமிட்டவை. 5ஆம் வரி, பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும். 198 சரிப்படுத்த முடியாதவை என்று தட்டு தீர்மானித்தவற்றைக் காட்டும். இவை மூன்றும் பூச்சியமாக இருந்து 199 மட்டும் உயர்ந்திருந்தால் தட்டில் பெரும்பாலும் குற்றமில்லை; தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள கேபிளிலோ அதன் முனைகளிலோதான் பழுது. மலைநாட்டில் இதை நான் மற்ற இடங்களைவிட அதிகமாகக் கண்டிருக்கிறேன். மாதக்கணக்கில் நீங்காத ஈரத்தில் முனைகளின் உலோகம் கறுத்துவிடுகிறது. நான்கு புதிய சாட்டா கேபிள்களை முதலில் வாங்குங்கள். இந்த முழு வேலையிலும் மலிவான செலவு அதுதான்.

அடுத்தது படியெடுத்தல். 12 டெராபைட் வன்தட்டு ஒன்று உங்களுக்குத் தேவை. நான்கு பழைய தட்டுகளின் முழுப் படிகளுக்கு 8 டெராபைட்டும், மீட்டெடுக்கும் கோப்புகளுக்கு 3 டெராபைட்டும் அதில் அடங்கிவிடும். விலை உங்களை மலைக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இந்தத் தட்டு பின்னர் உங்கள் வெளியூர்ப் பிரதியாக மாறிவிடும், ஆகவே அந்தப் பணம் ஒருமுறைக்கு மட்டும் செலவாகும் பணம் அன்று. படியெடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது முதலில் எளிதில் வாசிக்கக் கூடிய பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எங்கே எதை எடுத்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பின் பெயரைக் கட்டளையில் குறிப்பிட மறந்துவிட வேண்டாம். நல்ல நிலையிலுள்ள 2 டெராபைட் தட்டு ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். பழுதுள்ளது இரண்டு மூன்று நாட்களும் எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டும் இணையுங்கள். மூலத் தட்டையும் சேரிடத்தையும் கட்டளையில் மாற்றி எழுதிவிட்டால் திரும்ப வழியே இல்லை. ஆகையால் தொடரெண்ணை இன்னொருவர் வாய்விட்டு வாசிக்க, நீங்கள் திரையில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விசையை அழுத்துங்கள்.

தட்டு சுழலும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ, சுழலவே மறுத்தாலோ, அதை உடனே கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். அது தரவு மீட்பையே தொழிலாகச் செய்வோரிடம் போக வேண்டிய தட்டு. பழுதான தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் இயங்கும் என்று ஒரு யோசனை பல காலமாக ஊரில் சுற்றுகிறது. குளிர்ந்த தட்டை வெளியே எடுத்ததும் உள்ளேயும் வெளியேயும் நீர் படியும், அதுவும் நமது பக்கத்துக் காற்றில். அதைச் செய்யவே வேண்டாம்.

நான்கு படிகளும் கைக்கு வந்த பின்னர் எம்டிஏடிஎம் கருவியால் ஒவ்வொன்றின் தலைப்புக் குறிப்பையும் வாசித்தால், அதில் நிகழ்வெண் என்று ஓர் எண் தெரியும். தொகுதியில் மாற்றம் நிகழுந்தோறும் கூடிச் செல்லும் எண் அது. ஐந்து நாட்களுக்கு முன் விலகிய தட்டின் எண் மிகவும் பின்தங்கியிருக்கும். அதில் உள்ளது பழங்கதை. கடைசியாக விலகியதன் எண் மற்ற இரண்டுக்கும் மிக அருகில் நிற்கும். ஆகவே அந்த மூன்றையும் மட்டும் சேர்த்து, முதலில் விலகியதை வெளியே வைத்து, வற்புறுத்தி இணைக்கும் கட்டளையால் தொகுதியை எழுப்ப வேண்டும். ரெய்டு 5 முறைக்கு நான்கில் மூன்று போதும். இதையும் படிகளின் மேல் நேரடியாகச் செய்யாமல், எழுதப்படுவதெல்லாம் வேறொரு கோப்பில் போய் விழும்படி மேற்படலம் ஒன்றை இட்டுச் செய்வது நல்லது. தவறினால் அந்தப் படலத்தை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கோப்பு முறைமையை வாசிப்பதற்கு மட்டும் எனத் திறந்து, கோப்புகளை வெளியே எடுங்கள். பழைய தட்டுகள் நான்கையும் ஒரு வருடத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி, அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி. உங்கள் ஆவணங்களின் தன்மையை மனத்தில் வைத்தே இதற்குப் பதில் எழுதுகிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான நமது மூதாதையர், 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடாகிய லயத்துக் காம்பராவின் தகரப் பெட்டியில் இருந்த ஒரு துண்டுத் தாள் ஒரு குடும்பத்தின் தலைவிதியாக இருந்த காலம் அது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. நாடற்றிருந்தோரின் கணக்கை முடித்த சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த வரலாற்றின் தாள்களைத்தான் நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்திருக்கிறீர்கள். அவை ஒரே இயந்திரத்தில், ஒரே கட்டடத்தில், ஒரே மின்கம்பியின் முனையில் இருந்திருக்கின்றன. என்னைக் கவலைகொள்ளச் செய்வது தட்டுகளின் பழுதைவிட இதுதான்.

ரெய்டு முறை, ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் நடப்பதற்காக ஏற்பட்டது. வங்கியொன்றில் சேவையகம் பத்து நிமிடம் நின்றால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார்கள். அங்கே அது வேண்டும். உங்கள் காப்பகம் இரண்டு நாள் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. அந்த அழிப்பையும் எல்லாத் தட்டுகளிலும் நேர்மையாக நிறைவேற்றிவிடும். இடி, வெள்ளம், திருட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் ஆகியவற்றின் முன்னாலும் அது பயனற்றது. ரெய்டு 5 முறையில் இன்னொரு குறையும் உண்டு. மேசைக் கணினித் தட்டுகளுக்கு உற்பத்தியாளர் குறிப்பிடும் எல்லை, 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்பது, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. தட்டுகள் நடைமுறையில் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆயினும் நான்கில் ஒன்று போன பின் மீளமைக்கும்போது எஞ்சிய மூன்றிலுமுள்ள 6 டெராபைட்டையும் பிசகின்றி வாசித்தாக வேண்டும் என்பது அந்த எல்லைக்குச் சங்கடமான நெருக்கம்.

ஆகையால் பெரிய சேவையகம் வேண்டாம். இருக்கும் கணினியிலேயே 6 டெராபைட் தட்டுகள் இரண்டை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக வைத்து, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை நிறுவுங்கள். அது எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையைச் சேர்த்து எழுதுகிறது. வாசிக்கும்போது தொகை பொருந்தாவிட்டால் மற்றத் தட்டிலிருந்து நல்லதை எடுத்துப் பழுதானதைத் திருத்திவிடுகிறது. மாதம் ஒருமுறை முழுத் தட்டையும் வாசித்துச் சரிபார்க்கும்படி அமைத்துவிடலாம். பழைய தொகுதியில் அப்படியொரு மாதாந்த வாசிப்பு நடந்திருந்தால், இரண்டாவது தட்டின் பழுது பல மாதங்களுக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும். தட்டு வாங்கும்போது, தடங்களை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கும் எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு, ஆமெனில் அதைத் தவிர்த்துவிடுங்கள். மீளமைக்கும் வேளையில் அவை மிகவும் தாமதிக்கும். வாசிக்க முடியாத இடத்தில் முயன்றுகொண்டிருக்கும் நேரத்தை 7 விநாடிக்குள் மட்டுப்படுத்தும் வசதி தட்டில் இருந்தால், கணினி தொடங்குந்தோறும் அதை இயக்கிவிடுங்கள். இல்லையெனில் கருவகத்தின் காத்திருப்பை 180 விநாடியாகக் கூட்டுங்கள்.

பணத்தில் எஞ்சியதெல்லாம் பிரதிகளுக்குப் போகட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பினார். சிறு காப்பகத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. வேறு ஊர் எது என்பதை நாம் மண்ணைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் ஒரே நேரத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டன. தலவாக்கலையில் ஒரு பிரதியும் அட்டனில் ஒரு பிரதியும் வைத்தால் இரண்டும் ஒரே மழையில் நனையும். இரண்டாவது பிரதி கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கையான ஒருவரின் வீட்டிலோ பல்கலைக்கழக நூலகத்திலோ இருக்கட்டும். மூன்றாவதை அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்தக் கம்பியிலும் தொடுக்கப்படாமல், வாசிகசாலைக்கு வெளியே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமாகக் குறிக்காத ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

மேகச் சேமிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்றால், 3 டெராபைட்டை அனுப்ப இடைவிடாமல் ஏறத்தாழ 28 நாட்கள் வேண்டும். உங்கள் பக்கத்தில் அந்த வேகமும் இரவில்தான் கிடைக்கும். மாதாந்தக் கட்டணம் ஒன்று என்றென்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பணம் கட்டுபவர் ஊரை விட்டுப் போனால் கணக்கும் போய்விடும். எனவே முதல் பிரதியைத் தட்டிலேயே பையில் வைத்துப் பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதன் பின் புதிதாகச் சேரும் கோப்புகளை மட்டும் இரவு நேரத்தில் இணையம் வழியே அனுப்புவதே உசிதம். ஒரு நாளில் நீங்கள் ஸ்கேன் செய்வது 2 ஜிகாபைட் என்று வைத்தால், அது அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறருடைய அடையாள அட்டைகளும் பிறப்புப் பதிவுகளும் அதில் இருப்பதால், பயணம் செய்யும் தட்டு முழுவதும் கடவுச்சொல் இன்றி வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும். ரெஸ்டிக் என்ற இலவசக் கருவி மறைகுறியாக்கத்தையும், மாறியவற்றை மட்டும் அனுப்புவதையும் சேர்த்தே செய்கிறது.

பிரதி எடுக்கும் திசையையும் கவனியுங்கள். சேவையகம் தானே வெளியூர்க் கணினிக்குள் நுழைந்து எழுதும்படி வைத்தால், சேவையகத்தைக் கைப்பற்றியவர் அந்தப் பிரதியையும் அழித்துவிடலாம். வெளியூர்க் கணினி வந்து, வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கால் எடுத்துப் போகும்படி அமைத்தால் அந்த ஆபத்து நீங்கும். பெறுமிடத்தில் சேர்க்க மட்டும் அனுமதித்து அழிக்க அனுமதிக்காத முறையையும் ரெஸ்டிக்கில் அமைக்கலாம்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் செய்த பிறகும் தோற்றுப்போகலாம். அது எப்படி நிகழும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கண்டியில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரித்து வந்தேன். இரவுதோறும் யூஎஸ்பி தட்டொன்றில் பிரதி எழுதப்பட்டது. காலையில் பதிவேடு வெற்றி என்று சொன்னது. ஒருநாள் கணக்குக் கோப்பொன்று தேவைப்பட்டுத் தட்டைத் திறந்தபோது, அதில் எட்டு மாதங்களுக்கு முந்திய பிரதிதான் இருந்தது. ஒரு மின்வெட்டுக்குப் பின் அந்தத் தட்டு கணினியுடன் இணையாமலே இருந்திருக்கிறது. இணைப்புப் புள்ளியாகிய வெற்றுக் கோப்புறை மட்டும் இருந்தபடியால், நிரல் அதற்குள்ளேயே, அதாவது சேவையகத்தின் சொந்தத் தட்டிலேயே, எட்டு மாதங்களாக எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பு கிடைக்கவே இல்லை. அதற்காக ஓர் எழுதுவினைஞர் மேலதிகாரியின் முன் நின்று பதில் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்று முதல், பிரதித் தட்டில் மட்டும் இருக்கக் கூடிய ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டாலன்றி எழுதத் தொடங்காதபடி நிரலை அமைத்து வருகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் அழிக்கும் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவுத்தளம் போயிற்று. காப்பு முறைகள் பல இருந்தும், அவ்வேளை கைகொடுத்தது ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதிதான். அன்றாடப் பிரதி எடுக்கும் கருவி தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களையோ அஞ்சல் சேவையகம் ஏற்காமல் திருப்பிவிட்டது. அந்நிறுவனம் இதை மறைக்காமல் முழுவதும் வெளியிட்டதால்தான் நாமெல்லாம் அறிந்தோம். தோற்றால் அறிவிக்கும் ஏற்பாட்டை நம்பாமல், வென்றால் அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். தினமும் காலையில் எத்தனை கோப்புகள், எத்தனை மெகாபைட் சேர்ந்தன என்று ஒரு செய்தி உங்கள் இருவர் தொலைபேசிக்காவது வரட்டும். ஒருநாள் வராவிட்டால் அன்றே தேடுங்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமையை மீட்புப் பரிசோதனைக்கென ஒதுக்குங்கள். சேவையகத்தோடு தொடர்பில்லாத ஒருவர், ஒரு மாணவரேகூட, பட்டியலிலிருந்து இருபது கோப்புகளைத் தெரிவு செய்யட்டும். அவற்றை வெளியூர்ப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் மீட்டெடுங்கள். ஸ்கேன் செய்த நாளிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ 256 சரிபார்ப்புத் தொகையைக் கணித்துப் பட்டியலாக வைத்துக்கொண்டால், மீண்ட கோப்பு அன்றிருந்ததுதானா என்பதை ஒரே கட்டளையில் அறியலாம். அதன் பின்பும் கோப்புகளைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஸ்கேன் செய்தபோதே பாதிப் பக்கம் விடுபட்டிருந்தால் தொகை அதைச் சொல்லாது. பரிசோதனையின் திகதி, பார்த்தவர் பெயர், கண்ட பிழை ஆகியவற்றைத் தடித்த சீ.ஆர். கொப்பியில் மையால் எழுதிவையுங்கள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. எந்த யூபிஎஸ்ஸும் இவற்றைத் தாங்கிக்கொண்டு கணினியை ஓட்டப்போவதில்லை. அதன் வேலை, கணினி ஒழுங்காக நிற்பதற்குப் பத்து நிமிடம் தருவது மட்டுமே. அதற்கு யூஎஸ்பி கேபிளால் அதைக் கணினியோடு இணைத்து, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். பலர் யூபிஎஸ் வாங்கி, அந்தக் கேபிளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் திரும்பியவுடன் கணினி தானாகத் தொடங்கும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். நமது ஊர்களில் மின்சாரம் வந்து ஐந்து நிமிடத்தில் மறுபடி போவது வழக்கம், அப்போது பற்றரி வெறுமையாக இருக்கும். அரை மணி நேரம் பொறுத்து ஒருவர் கையால் தொடக்கட்டும். ஈயப் பற்றரிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும். மாற்றிய திகதியைப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்.

இடியைப் பொறுத்தவரை, மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலத்தில் பிற்பகல் வேளையில்தான் அது அதிகம். அந்த மாதங்களில் ஸ்கேன் வேலையைக் காலையில் முடித்து, நண்பகலிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. உங்கள் ரவுட்டர் எரிந்ததற்குத் தொலைபேசிக் கம்பியோ, வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் இடையே வெளியில் இழுத்திருக்கக் கூடிய வலையமைப்புக் கேபிளோ காரணமாக இருக்கலாம். இடி முழங்கத் தொடங்கிய பின் எந்தக் கம்பியையும் தொடக் கூடாது. பொருள் போனாலும் போகட்டும். இரண்டு கட்டடங்களுக்கிடையே செம்புக் கேபிளை ஒருபோதும் இழுக்க வேண்டாம். இரண்டின் நில இணைப்புகளும் வெவ்வேறாக இருப்பதால், அருகில் எங்கோ விழும் மின்னலும் அந்தக் கேபிளையே வழியாக்கிக்கொள்ளும். உலோகம் கலவாத கண்ணாடி இழைக் கேபிளை இட்டு, இரு முனையிலும் ஒளிக்குறியை மின்குறியாக மாற்றும் மாற்றிகளைப் பொருத்துங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதிர்ச்சித் தடுப்புப் பலகைகள் நல்ல நில இணைப்பு இல்லாவிட்டால் வெறும் பலகைகள்தாம். பழைய தோட்டக் கட்டடங்களில் நில இணைப்பு அறுந்துபோயிருப்பது சாதாரணம், ஆகையால் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு முதலில் அதை அளந்து பாருங்கள்.

ஈரத்துக்குச் செய்யக் கூடியது எளிது. கணினியைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் மேசைமேல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடைமழை மாதங்களில் நாட்கணக்கில் நிறுத்திவைப்பதைவிடத் தினமும் சில மணி நேரம் ஓடவிடுவது நல்லது, அதன் சூடே ஈரத்தை விரட்டும். கம்பியில் தொடுக்காத தட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை பொட்டலங்களை மாற்றுங்கள்.

ஒரு விடயத்தை உங்கள் நண்பர்களுடன் கூடிப் பேசுங்கள். நமது இளைஞர்கள் வேலைக்காகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மறைகுறியாக்கத்தின் கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருந்து அவர் போய்விட்டால், இடி செய்ததைவிட முழுமையாக அது காப்பகத்தை அழித்துவிடும். கடவுச்சொல்லைத் தாளில் தெளிவாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வெவ்வேறு வீடுகளில் வாழும் இருவரிடம் கொடுங்கள். தட்டுகளின் தொடரெண்கள், மீட்கும் முறை, எந்தக் கருவி எந்தப் பதிப்பு என்பவற்றை, புதிதாக வரும் ஒருவர் வாசித்துத் தானே செய்து முடிக்கும் அளவுக்கு விரிவாகச் சீ.ஆர். கொப்பியின் முதற் பக்கங்களில் எழுதுங்கள். அதை வாசித்து உங்கள் உதவியின்றி ஒருவர் மீட்டுக் காட்டினால்தான் அந்தக் குறிப்பு முழுமை பெற்றது.

இப்போதைக்குக் கேபிள்களையும் 12 டெராபைட் தட்டையும் வாங்கி, நான்கு படிகளையும் எடுத்து முடியுங்கள். பின்னர் ஒவ்வொரு படியின் நிகழ்வெண், துண்டளவு, தரவு தொடங்கும் இடம் ஆகிய மூன்றையும், ஸ்மார்ட் அறிக்கையில் நான் சொன்ன நான்கு வரிகளையும் எழுதி அனுப்புங்கள். எந்த மூன்றைச் சேர்ப்பது என்பதை அவற்றைப் பார்த்த பின் சேர்ந்தே தீர்மானிப்போம். என் பதில் வரும்வரை பழைய தட்டுகள் கணினிக்கு வெளியே, உலர்ந்த டப்பாவில் இருக்கட்டும்.